கண்ணெதிரே வளரும் புற்று

உள்ளுறுப்புகளில் தோன்றும் புற்றுநோயைக் காணக் கருவிகள் வேண்டும். தோலில் தோன்றுவதைக் காண வெறுங்கண் போதும். ஆயினும் இந்த நோய்தான் பலரிடத்தில் ஆண்டுக்கணக்கில் மருத்துவரின் பார்வைக்கு வராமல் கிடக்கிறது. வறுமை, தொலைவு, அச்சம் என்று காரணங்கள் பல. அவற்றோடு, அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: நோய் தன் பெயரால் அறியப்படும் முன்பே அதற்கு வீட்டில் வேறொரு பெயர் அமைந்துவிடுகிறது. சூட்டுப்புண், செருப்புக் கடி, அடிபட்ட நகம், அதிர்ஷ்ட மச்சம். பெயர் கிடைத்தவுடன் கேள்வி அடங்கிவிடுகிறது.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்கள் நீளும் கடுங்குளிருக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அக்காலத்தில் ஃபெரன் என்னும் தளர்ந்த மேலங்கிக்குள் மக்கள் காங்கிரியை ஏந்தியிருப்பர். மண்சட்டியைச் சுற்றிச் சிம்புகளால் பின்னப்பட்ட சிறு கூடை அது. சட்டிக்குள் கரிக்கனல். அமரும்போது அது தொடைகளுக்கு இடையிலும் அடிவயிற்றை ஒட்டியும் இருக்கும். பல குளிர்காலங்கள் கழிந்தபின் அவ்விடத்துத் தோலில் வலைப்பின்னல் போன்ற பழுப்புக் கறை படர்கிறது. பெரும்பாலும் அதில் வலி இராது. குளிரைக் கடந்து வாழ்ந்ததன் அடையாளமாகவே அது எஞ்சுகிறது.

அந்தக் கறையின்மீது சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஒரு தடிப்பு எழும், பின்னர் அது புண்ணாகும், பொருக்குத் தட்டும், மறுபடியும் கசியும். காஷ்மீரில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி இதனை 1866இலேயே 'இந்தியன் மெடிக்கல் கெஸட்' இதழில் பதிவு செய்தார். பிற்காலத்தில் ஸ்ரீநகரின் மிஷன் மருத்துவமனையில் இருந்த நெவ் சகோதரர்கள் இத்தகைய நோயாளிகளுக்கு அறுவை செய்தனர். மருத்துவ நூல்களில் இதன் பெயர் 'காங்கிரிப் புற்றுநோய்'. வெப்பத்தால் தோலின் செதிள் உயிரணுக்களில் உண்டாகும் புற்று இது. வெயிலால் உண்டாகும் அதே வகைப் புற்றைக் காட்டிலும் வேகமாகப் பரவும் இயல்புடையது.

இங்கே காலம் என்பது என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தடிப்பாக இருக்கும்போதே வந்தால், சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுப்பதே பெரும்பாலும் போதுமான சிகிச்சை. காலம் தாழ்ந்தால் புற்று கீழிறங்கிக் கவட்டையின் நிணநீர்க் கணுக்களை அடைகிறது. அப்போது கணுக்களையும் நீக்க வேண்டும், கதிர்வீச்சும் தேவைப்படலாம், நிணநீர் வடியும் வழி அடைபட்டுக் கால் நிரந்தரமாக வீங்கக்கூடும். அதையும் கடந்தால் நோய் நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குச் செல்லும். புண்ணோ குருதி கசிந்து, துர்நாற்றம் வீசி, நோயாளியைத் தம் வீட்டாரிடமிருந்தே ஒதுங்கி அமரச் செய்யும். இத்தனையும் ஆடைக்குள் மறைந்த இடத்தில் நிகழ்கின்றன. கூச்சமும் தாமதத்துக்குத் துணைபோகிறது.

இது காஷ்மீருக்கு மட்டும் உரிய கதை எனக் கருத வேண்டா. 1945இல் பம்பாயின் கானோல்கரும் சூர்யாபாயும் வாழ்க்கை வழக்கங்களோடு தொடர்புடைய புற்றுநோய்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'வேட்டிப் புற்று' இடம்பெற்றது. இடுப்பில் இறுக்கிக் கட்டும் துணி ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தை உராய்வதால் வருவது. பின்னாளில் 'சேலைப் புற்று' என்ற பெயரும் மருத்துவ இதழ்களில் வழங்கலாயிற்று. உள்பாவாடை நாடா பதிந்த தடம் எத்தனையோ பெண்களின் இடுப்பில் உண்டு. அது கறுத்திருக்கும், தடித்திருக்கும், சிலபோது அரிக்கும். அதில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது என்பது ஆறுதல். அந்த மிகச் சிலரும் தம் புண்ணை 'நாடாத் தடம்' என்றே அழைத்துக் காலம் கழிக்கக்கூடும் என்பதுதான் இடர். தீக்காயத் தழும்பில் பல்லாண்டுகள் கழித்து எழும் மார்ஜோலின் புண்ணுக்கும் இதுவே பொருந்தும். 'பழைய தழும்புதானே' என்னும் ஒற்றைச் சொற்றொடரில் பழையது எது, புதியது எது என்ற வேறுபாடு மறைந்துபோகிறது.

தோல் புற்று வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணம் கற்றவரிடமும் நிலவுகிறது. அது பாதி உண்மை. தோலின் கருநிறமி வெயிலின் கேட்டிலிருந்து காக்கிறது. ஆகவே வெயிலால் வரும் புற்றுகள் நம்மிடையே குறைவு. வெப்பம், உராய்வு, தழும்பு ஆகியவற்றால் வருவனவற்றை நிறமி தடுப்பதில்லை. நிறமி உயிரணுக்களிலேயே தோன்றும் கொடிய வகையான மெலனோமாவும் கருந்தோல் மக்களிடம் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே பெரிதும் நாடுகிறது.

ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால்விரல் இதற்கு உலகறிந்த சான்று. நகத்தடியில் இருந்த புண் கால்பந்தாட்டக் காயமாகவே எண்ணப்பட்டது. 1977இல் அது மெலனோமா என உறுதியாயிற்று. விரலை நீக்கும் யோசனையை அவர் ஏற்கவில்லை. நகமும் நகத்தடித் தசையும் மட்டும் அகற்றப்பட்டன. 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்தார். நோய் மூளைவரை சென்றிருந்தது. 1981 மே 11 அன்று மயாமியில் மறைந்தபோது அவருக்கு வயது 36. விரலை அப்போதே நீக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை எவராலும் அறுதியிட முடியாது. மெலனோமாவின் போக்கை அது தோலுக்குள் இறங்கியிருக்கும் ஆழம் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது மட்டும் உறுதி. அந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையை அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் முன்வைத்தார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பவர் பெரும்பாலும் பிழைக்கிறார். நான்கைக் கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைகிறது. இடைப்பட்ட அந்த மூன்று மில்லிமீட்டரைத்தான் நாம் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லால் கடந்துவிடுகிறோம்.

தமிழில் புற்று என்றால் முதலில் நினைவுக்கு வருவது கறையான் புற்று. வெளியே தெரிவது சிறு மேடு. அறைகள் மண்ணுக்குள் விரிகின்றன. தோல் புற்றுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் அமைவது கடினம். ஆனால் நோயாளி அந்தச் சொல்லோடு மருத்துவரிடம் வருவதில்லை. அவர் கொண்டுவருவது புண், மரு, மச்சம், தடம் ஆகிய சொற்களை. விழிப்புணர்வு ஏடுகளோ 'மெலனோமா', 'கார்சினோமா' என்று தொடங்குகின்றன. இரண்டு சொற்றொகுதிகளும் சந்திப்பதே இல்லை.

ஆகவே இந்திய மொழிகளில் நலவாழ்வு பற்றி எழுதுவோரும், களப்பணியில் வீடு வீடாகச் செல்வோரும் நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், மாற்றத்திலிருந்து தொடங்கலாம். நான்கு வாரம் கடந்தும் ஆறாத புண் உண்டா? பழைய தழும்பில் புதிதாகத் தடிப்போ கசிவோ உண்டா? மச்சம் பெரிதாகிறதா, விளிம்பு கலைகிறதா, நிறம் மாறுகிறதா? அடிபடாத நகத்தில் கருங்கோடு அகன்றுகொண்டே போகிறதா? இக்கேள்விகளுக்கு எந்த வட்டார வழக்கிலும் சொற்கள் உண்டு, கலைச்சொல் தேவையில்லை. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால், அடுத்துச் செல்ல வேண்டிய இடம் தோல் மருத்துவப் பிரிவு. அங்கே சிறு துண்டுத் தசையை எடுத்துச் சோதித்தால் போதும், அந்தப் புண்ணின் உண்மையான பெயர் தெரிந்துவிடும்.