கொழுப்பு இருந்தா கழுவேலி வரலாம்!

குளிர்காலம் வந்துட்டா கனடாவில் ரிட்டயர்டு ஆன தாத்தா, பாட்டிகள் பலருக்கு வீடு தங்காது. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு, அமெரிக்காவைத் தாண்டி மெக்சிகோ வரைக்கும் போய்விடுவார்கள். பனி உருகின பிறகுதான் ஊர் திரும்பல். இவர்களுக்கு அங்கே 'ஸ்னோபேர்டு' என்று செல்லப் பெயர். அதாவது, பனிப்பறவை! கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க செய்யற ஏற்பாடு இருக்கே... டயர் செக், பிரேக் செக், பாஸ்போர்ட், மெக்சிகோவில் செல்லுபடியாகிற தனி இன்ஷூரன்ஸ், மருந்து மாத்திரை என்று கல்யாண வேலை தோற்றுப்போகும்.

"சரி, இதுக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கு பாஸ்! ஒரிஜினல் பனிப்பறவைகள் வந்து இறங்கற இடம் நம்ம திண்டிவனம் பக்கத்தில்தான் இருக்கு. பேரு கழுவேலி.

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறுங்க. கடல் காத்து முகத்தில் அடிக்க ஆரம்பிச்சதும் ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா உப்பளம் தெரியும். அதுக்குத் தெற்கே விரிஞ்சு கிடப்பதுதான் கழுவேலி. மழைக் காலத்தில் ஏரித் தண்ணியும், எடையன்திட்டு முகத்துவாரம் வழியா வரும் கடல் தண்ணியும் கலக்கிற இடம். வெயில் ஏற ஏற தண்ணி வத்தி சேறு தெரியும். நமக்கு அது வெறும் சேறு. பறவைக்கு அது ஃபுல் மீல்ஸ்! புழு, நத்தை, பூச்சி, குட்டி இறால் என்று அத்தனையும் உள்ளே இருக்கு.

இந்த மீல்ஸுக்காக சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வர்றவங்க லிஸ்ட் பெரிசு. கருவால் மூக்கன், வளைமூக்கு உள்ளான், பேதை உள்ளான், ஊசிவால் வாத்து... சில உள்ளான்கள் நம்ம உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வண்டி கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது. அப்புறம் எப்படி வருது?

ஃபுல் டேங்க்!

முதல் வேலை, சாப்பாடு. கிளம்பறதுக்கு முன்னாடி சில வாரம் ராத்திரி பகல் பார்க்காம தின்னுது. அப்படித் தின்னதெல்லாம் உடம்பில் கொழுப்பா சேருது. ஒரு கிராம் மாவுச்சத்து எரிஞ்சா கிடைக்கறது சுமார் 4 கலோரி. அதே ஒரு கிராம் கொழுப்பு எரிஞ்சா 9 கலோரி! எடை கம்மி, மைலேஜ் ஜாஸ்தி. பத்தாததுக்கு, கொழுப்பு எரியும்போது உடம்புக்குள்ளேயே தண்ணியும் உண்டாகுது. வாட்டர் பாட்டில் செலவு மிச்சம். நீண்ட தூரம் பறக்கும் சில கரைப்பறவைகள் கிளம்பும்போது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை இருக்குமாம். 'உனக்குக் கொழுப்புடா' என்று யாராவது திட்டினால், இனிமே பாராட்டுன்னு எடுத்துக்கலாம்!

ரெண்டாவது, லக்கேஜ். பட்டைவால் மூக்கன் என்ற பறவை, கிளம்பும் நேரத்தில் தன் இரைப்பையையும் குடலையுமே சுருக்கிக்கொள்கிறது. வழியில்தான் சாப்பிடப் போறதில்லையே, சும்மா எதுக்குச் சுமக்கணும்? மெக்கானிக்கல் பசங்க 'வெயிட் ரிடக்ஷன்' என்று மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயம், இங்கே உடம்புக்குள்ளேயே நடக்குது. மூணாவது, மேப். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப் புலம் மூணையும் வைத்து வழி கண்டுபிடிக்குது.

பொடிசுகள் தனியாத்தான் வரும்

நம்ம ஊர்ப் பயணத்துக்குச் சங்க இலக்கியத்திலேயே கைடு இருக்கு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன். அவனுடைய ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கு. பரிசு வாங்கின பாணன், வாங்காத பாணனுக்கு 'இப்படிப் போ, இந்த ஊரில் இது சாப்பிடு' என்று வழி சொல்வதுதான் கதை. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஆனா உள்ளான் குஞ்சுக்கு அப்படி வழி சொல்ல ஆளே இல்லை! ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளானில் அப்பாக்கள் முதலில் கிளம்பிவிடும். அடுத்து அம்மாக்கள். பிறந்து சில வாரமே ஆன பொடிசுகள் கடைசியாக, பார்த்தே இராத ஒரு தேசத்துக்குத் தாங்களே வழி பிடித்து வருகின்றன. அலாஸ்காவில் பிறந்த ஒரு பட்டைவால் மூக்கன், 2022 அக்டோபரில் எங்கேயும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. உடம்பில் கட்டின டிரான்ஸ்மிட்டர் சொன்ன கணக்கு இது. அப்போது அதற்கு வயசு ஐந்து மாசம்தான்!

வந்து இறங்க இடம் வேணுமே?

டேங்க் காலியா வந்து சேரும் வண்டிக்கு பங்க் மூடியிருந்தா என்ன ஆகும்? அதுதான் இங்கே பயம். ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, குப்பை, வேட்டை என்று கழுவேலியைச் சுற்றி நெருக்கடி ரொம்ப நாளாகவே உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனா போர்டு வைத்தால் மட்டும் சேற்றில் புழு வந்துடாது. தண்ணி வரும் ஓடையும் கடல் வரும் வழியும் திறந்திருந்தால்தான் மீல்ஸ் ரெடி.

இன்னொண்ணும் மறக்கக் கூடாது. பறவைக்கு சீஸன் களைகட்டும் மழை மாசங்களில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை கிடையாது. மீன் பிடிக்கிறவங்களுக்கும் இந்தத் தண்ணிதான் சோறு. ஏரியைக் காப்பாத்தணும்னா இந்த மக்களையும் கூட வைத்துக்கொண்டுதான் காப்பாத்த முடியும்.

நியூ இயருக்கு ஈசிஆரில் பாண்டிச்சேரிக்குப் பறக்கும் பைக் பார்ட்டிகளே... மரக்காணத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்க. டிசம்பர், ஜனவரி காலை நேரம் பெஸ்ட். ஒரு பைனாகுலர் கடன் வாங்கிக்குங்க. ஹாரன் வேண்டாம், செல்ஃபிக்காகக் கிட்டப் போகவும் வேண்டாம். நீங்க விரட்டி ஒருதரம் பறக்கவிட்டால், திரும்பிப் போக அது சேர்த்து வைக்கும் கொழுப்பில் கொஞ்சம் காலி. ஏப்ரலுக்குள் அதுக்கு மறுபடி ஃபுல் டேங்க் ஆகணும் பாஸ்!