தஞ்சையில் ஒரு பெண் எழுதிய புத்தகம்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலையும் தலையாட்டி பொம்மையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அரண்மனைக்குள் உள்ள சரஸ்வதி மகால் நூலகத்தையும், திருவையாற்றையும் அவசியம் பாருங்கள். தை மாதம் என் அக்காவோடும், வைகாசியில் கல்யாணமாகப் போகும் அவள் பெண்ணோடும் போய் வந்தேன்.

நூலகச் சுவடிகளில் பெரும்பகுதி வடமொழி. வைத்தியம், சங்கீதம் என்று எத்தனையோ சாஸ்திரங்கள்! "காமசாஸ்திரம்கூட இருக்குமா சித்தி?" என்று மெதுவாகக் கேட்டாள் பெண். "வாயை மூடுடி!" என்று அக்கா அதட்டினாள்.

ஏன் அதட்ட வேண்டும்? வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் என்றாலே ஆபாசப் படப் புத்தகம் என்று நினைக்கிறோம். அதன் 7 பாகங்களில் ஒன்றுதான் உடலுறவைப் பற்றியது. இந்தக் காலத்துக்குப் பொருந்தாத பகுதிகளும் உண்டுதான். ஆனால் மூன்றாம் பாகம் சொல்வதைக் கேளுங்கள்: கல்யாணமான முதல் 3 இரவுகள் கணவன் விலகியிருக்க வேண்டும், பேசிப் பழகி அவள் நம்பிக்கையைப் பெற வேண்டும், பலவந்தம் செய்தால் அவள் வெறுத்துவிடுவாள்! இதில் ஆபாசம் எங்கே?

இந்தப் பக்குவத்தைத் தஞ்சை அரசவையிலிருந்த ஒரு பெண்ணும் பாடியிருக்கிறாள். பிரதாபசிம்மர் காலத்து (1739–1763) முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தில், இளம் மணப்பெண் இளாவுக்கு ராதை புத்தி சொல்கிறாள்; அவளிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி கண்ணனுக்கும் சொல்கிறாள்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் இதை முழுமையாக அச்சிட்டார். ஆபாசம் என்று 1911-ல் வெள்ளைக்கார அரசு தடை போட்டது. விதவா விவாகத்துக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலுவே, ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று கண்டித்தவர்தான். 1947-ல்தான் தடை நீங்கியது.

அதே நாகரத்தினம்மாள்தான் தம் சொத்தையெல்லாம் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். அறுவடை வயல்களையும் ஐந்து ஆறுகளையும் தாண்டிப் போனோம். காவிரிக் கரையில், சுவாமிகளின் சமாதியைப் பார்த்தபடி அந்த அம்மாளின் சிலை இருக்கிறது. பக்தியும் இந்த அறிவும் ஒரே மனசில் இருக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கல்யாணத்துக்கு நகை, புடவை, பாத்திரம் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். பெண்ணிடம் நாலு வார்த்தை சொல்லத்தான் கூச்சப்படுகிறோம். பயந்து நடுங்கிப் புக்ககம் போகிற பெண்கள் எத்தனை பேர்! பெண்ணைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, பிள்ளையைப் பெற்றவர்களும் சொல்லுங்கள், பொறுமைதான் முதல் பாடம் என்று.