நாலடித் தண்ணீரும் பத்தடிக் கயிறும்



கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாட்களில் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பிழை முழுக்க என்னுடையது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த நாள். சாச்சாட சின்ன ஃபைபர் படகை இரவல் வாங்கி, நானும் மச்சானும் பிள்ளைகளுமாகப் பாசிக்குடாவில் இறங்கினோம். பாசிக்குடாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அந்த நம்பிக்கைதான் என்னை ஏமாற்றியது.

நாலடித் தண்ணீரில் எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தைத் தூக்கி வீசினேன். பத்தடி கயிறு விட்டுக் கட்டினேன். நாலடிக்குப் பத்தடி தாராளம் என்று நினைப்பு. எல்லோரும் தண்ணீருக்குள் குதித்தோம். ஆறு வயது மகள் மட்டும் படகுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைத்திருந்தோம். ஆம், தலையணையாக.

கொஞ்ச நேரத்தில் கச்சான் பிடித்தது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. "மாமா, போட் போகுது!" என்று மச்சான்ட மகன் கத்தினான். திரும்பிப் பார்த்தால் படகு ஐம்பது யாருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் ஓட முடியாது என்பது அன்றுதான் விளங்கியது. நெஞ்சளவு வந்ததும் நீந்தினேன். படகு என்னைவிட வேகமாகப் போனது. மகள் எழும்பி நின்று "வாப்பா" என்று கூப்பிட்டாள். "நிக்காத, இரி!" என்று கத்தினேன். காற்றில் அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

கண்ணாடிப் படகு ஓட்டும் ஒரு தமிழ்த் தம்பி கண்டுவிட்டார். வந்து எங்கள் படகைப் பிடித்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "அண்ணன், கயிறப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு சாச்சாவிடம் சொன்னேன். ஏசவில்லை.

"எவ்வளவு கயிறு உட்டா?"

"பத்தடி."

"தண்ணி?"

"நாலடி."

"அணியம் தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்கிது?"

படகின் முன்தலையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அது ரெண்டடி.

சாச்சா நங்கூரத்தை முற்றத்து மணலில் புதைத்துவிட்டு, கிட்ட நின்று கயிற்றை மேலே தூக்கச் சொன்னார். நங்கூரம் லேசாகக் கிளம்பி வந்தது. மறுபடி புதைத்து, கயிற்றை நீளமாக விட்டு, தூரத்தில் நின்று தாழ்வாக இழுக்கச் சொன்னார். இழுக்க இழுக்க உள்ளே போனது. "இது பாரத்தால புடிக்கிற சாமான் இல்ல மகன். படுத்துப் புடிக்கிற சாமான்."

நான் தரம் 11க்குத் திரிகோண கணிதம் படிப்பிக்கிறவன். அன்றிரவு கணக்குப் போட்டேன். தண்ணீர் 4 அடி, அணியம் 2 அடி, மொத்தம் 6 அடி. 10 அடி கயிறு என்றால், இறுகும்போது ஏறத்தாழ 37 பாகை சாய்வில் நங்கூரத்தை மேலே இழுக்கும். 42 அடி விட்டால் ஏறத்தாழ 8 பாகைதான். இதுதான் கடல்காரர்கள் சொல்லும் ஏழு மடங்கு. காற்றில்லாத நேரத்தில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்து மடங்கு, அதாவது 30 அடி போதும். ஆழம் குறைவென்றால் கயிறும் குறைவு என்று நினைக்கிறோம். ஆனால் அணியத்தின் அந்த ரெண்டடி பெரிய பங்காகி நிற்பது ஆழம் குறைந்த இடத்தில்தான்.

சாச்சா சொல்லித் தந்த மற்றவை:

1. படகின் தலையைக் காற்றுக்கு நேரே பிடித்து நிறுத்துங்கள். நங்கூரத்தை வீசாமல் மெதுவாக இறக்குங்கள். படகு பின்னால் போகப் போகக் கயிறு விடுங்கள்.

2. அணியத்தில்தான் கட்ட வேண்டும். எஞ்சின் பக்கம் கட்டினால் அலை பின்பக்கம் அடித்துத் தண்ணீர் உள்ளே ஏறும்.

3. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஆறடிச் சங்கிலி போடுங்கள். நங்கூரத்தின் தண்டு நிலத்தோடு கிடக்கும்.

4. கல்லைக் கட்டி இறக்குவதை நம்ப வேண்டாம். 20 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் 12 கிலோ அளவுதான் பாரம் காட்டும். அது மண்ணைப் பிடிக்கவும் செய்யாது.

5. வெளிர் நிறமாகத் தெரியும் மணலில் இறக்குங்கள். கறுப்பாகத் தெரிவது பாசியாகவோ முருகைக்கல்லாகவோ இருக்கும். முருகைக்கல்லை உடைத்தால் நம் கடலைத்தான் உடைக்கிறோம்.

6. கட்டியதும் எஞ்சினை மெதுவாகப் பின்னுக்குப் போட்டு இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் ஒரே நேரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேர் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது.

7. ஆழம் குறைந்த இடத்தின் ஒரே லாபம், முங்கிப் பார்க்கலாம். நங்கூரம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

8. படகு கயிற்றின் நீளத்துக்குச் சுற்றி வரும். குளிக்கிற பிள்ளைகளை அந்த வட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

ஒன்பதாவது நான் சேர்ப்பது. பிள்ளையைத் தனியாகப் படகில் விடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும்.

"அல்லாஹ் காப்பாத்தினான் சாச்சா" என்றேன். "ஓம், அல்ஹம்துலில்லாஹ். ஆனா கயிறு உடுற வேல நம்முட வேல" என்றார்.

போன மாதம் சாச்சாவோடு மறுபடி போனோம். மகள் முதலில் ஏற மறுத்தாள். பிறகு லைஃப் ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு ஏறினாள். நான் நங்கூரம் இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, கயிறு காணுமா?"

முங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.