கண்ணாடியில் விழுந்த ஜடை

எங்கள் கடைவீதி ஸ்டுடியோவை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தியது. பெரியவர் காலத்தில் கண்ணாடித் தகட்டு நெகடிவ், மகன் காலத்தில் 120 ஃபிலிம், பேரன் கைக்கு வந்தபோது கலர் ரோலும் கம்ப்யூட்டரும். இப்போது அங்கே செல்போன் கடை.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. படம் பிடிக்கும் அறைக்குள் நுழையுமுன் ஒரு கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. ஊரே தலைவாரிய சீப்பு அது; யாரும் முகம் சுளித்ததில்லை. பக்கத்து ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள்தான் நிற்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் பிடித்துக் குத்திய ஊக்கு படத்தில் தெரியாது.

பூத் தைத்த ஜடைதான் ஸ்டுடியோக்காரர்களுக்குப் பரீட்சை. சடங்குக்கோ வளைகாப்புக்கோ மணிக்கணக்காக உட்கார்ந்து தைத்த ஜடை. முகமும் தெரிய வேண்டும், பின்னலும் தெரிய வேண்டும். ஆளுயரக் கண்ணாடியைப் பின்னால் சாய்த்து வைத்து, ஜடை மட்டும் அதில் விழும்படி பெண்ணை நிறுத்துவார் பெரியவர். கேமராவோ விளக்கோ வேடிக்கை பார்க்கும் சித்தியோ அதில் விழுந்துவிடக் கூடாது. “தாடையை இறக்கும்மா... ஆடாம நில்லு.” தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்களின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான் என்பேன். தாஜ்மகால் திரையை யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

கழுவுவது மகன். சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டில் கிடக்கும் வெற்றுத்தாளில் முதலில் தலைமுடி வரும், பிறகு கண், கடைசியாக வேட்டி. நெகடிவில் கூர்சீவிய பென்சிலால் தழும்பையும் கண்கருவளையத்தையும் மறைக்கும் ‘டச்சிங்’ வீட்டம்மாளின் வேலை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமெல்லாம் அவர் கை பட்டுத்தான் போகும். எத்தனை கல்யாணம் அந்தப் பென்சில் முனையில் நிச்சயமானதோ!

அப்போது ஃபிலிமும் தாளும் நம் ஊட்டியிலேயே தயாராயின. 1960இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பெட்டிகள் கடையில் அடுக்கியிருக்கும். அந்த ஆலையும் மூடிவிட்டது. கலர் வந்ததும் கழுவுவது வெளியூர் லேபுக்குப் போக, இருட்டறை தட்டுமுட்டுச் சாமான் அறையானது. அந்தக் கலர் படங்கள் இன்று வெளிறிக் கிடக்கின்றன. மகன் ஹைப்போ ரசாயனம் போகக் கழுவிய கறுப்பு வெள்ளை அப்படியே இருக்கிறது.

நான் ஏங்குவது ஸ்டுடியோவில் நம்பர் போட்டு வைத்திருந்த நெகடிவ் உறைகளுக்குத்தான். சாவு விழுந்த வீட்டிலிருந்து முதலில் ஓடி வருவது அங்கே. “அப்பா தனியா எடுத்த படமே இல்லைங்க.” “தங்கச்சி கல்யாண குரூப்புல நின்னாரே?” என்று உறையைத் தேடி, கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்து, மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்கித் தருவார்கள். கடை மூடியபோது ஃபிலிமெல்லாம் எடைக்குப் போனது. கண்ணாடித் தகடுகளைச் சுரண்டி, வேறு யார் படத்துக்கோ சட்டம் போட்டார்கள்.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டுடியோப் பரணில் நெகடிவ் பெட்டி இருந்தால், காயலான் கடைக்குப் போகுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுப் படங்களின் பின்னால் பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதுங்கள். இன்னார் என்று சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.