நீலக் கோட்டில் வளர்ந்த ஓநாய்ப் பெண்

ஒன்பதாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பேய் இருந்தது. கோரைப் பல்லும் விரித்த தலையுமாக, நீல ரெனால்ட்ஸ் பேனாவால் வரைந்தது. வாத்தியார் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் கட்டிலுக்குக் காவல் நிற்கத்தான் அந்தப் பேயை வரைந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

எமில் ஃபெரிஸ் எழுதி வரைந்த 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' என்ற சித்திர நாவலைத் திறந்ததும் அந்தத் தாள் திரும்பக் கிடைத்தது போலிருந்தது. 1960களின் கடைசி, சிகாகோ நகரம். கேரன் ரெயஸ் என்ற பத்து வயதுச் சிறுமி தன்னை ஓநாய் மனுஷியாகவே வரைந்துகொள்கிறாள். அவளுடைய அம்மாவுக்குப் புற்றுநோய். உண்மையான அரக்கன் ஒருவன் வந்து தங்களைக் கடித்துவிட்டால் குடும்பத்தில் யாருக்கும் சாவே வராது என்று நம்புகிறாள். மாடியில் குடியிருந்த ஆங்கா சுடப்பட்டு இறந்துகிடக்க, துப்பறிவாளர்போல நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு காரணம் தேடிப் புறப்படுகிறாள்.

புத்தகம் முழுக்கக் கோடு போட்ட நோட்டுத் தாள்தான். ஒரு முகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கன்னத்தின் நிழல் என்று தூரத்தில் தெரிந்தது, கிட்டே போனால் மயிரிழைக் கோடுகள். குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். அவற்றுக்கு அடியில் நோட்டின் நீலக் கோடு கண்ணையும் மூக்கையும் கடந்து நேராகப் போகிறது. பால்பாயின்ட் பேனாவில் போட்டதை அழிக்க முடியாது. தப்பிப்போன கோட்டையும் சேர்த்துக்கொண்டுதான் அந்த முகம் உருவாகியிருக்கிறது.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அந்தக் கோடுகள் இன்னும் கனக்கும். நாற்பது வயதில் ஃபெரிஸுக்கு ஒரு கொசுக்கடி. வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, வரையும் கையும் போனது. பேனாவைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மறுபடி வரையப் பழகினார். பிறகு சிகாகோ கலைக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். புத்தகத்தை 48 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 2017இல் வெளிவந்தது, அடுத்த வருஷமே சித்திரக் கதைகளுக்கான மூன்று ஐஸ்னர் விருதுகள். இரண்டாம் பாகம் 2024இல் வந்தது.

இதில் ஓநாய் முகம் கொண்டவள் யாரையும் கொல்வதில்லை. ஆங்காவின் கதைக்குள் போனால் பெர்லினில் சிறுமியாக இருந்த அவளை விலைபேசி விற்றவர்களும் நாஜிகளும் வருகிறார்கள். அவர்கள் முகத்தில் ரோமமும் இல்லை, கோரைப் பல்லும் இல்லை. சாதாரண முகங்கள். நான் விளக்கைப் போட்டுவிட்டுப் படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.

சின்னக் குழந்தையின் கையில் இதைக் கொடுத்துவிடாதீர்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆங்காவைப் பற்றி அது கேட்கும், பதில் சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.