தரம் 6 ஊசியும் பி53 என்ற புரதமும்



தரம் 6 பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி போடும் காலம் வந்தால் உம்மாமார் வகுப்பு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "டீச்சர், இதப் போட்டா பிறகு பிள்ள தங்காதாமே, மெய்யா?" வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுதான் காரணம். வாசலில் நின்று சொல்லி முடிக்க ஏலாத விசயம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நமது கலங்கள் புரதங்களைச் செய்வதோடு, தேவை முடிந்தவற்றை உடைக்கவும் செய்கின்றன. உடைக்க வேண்டியதில் யுபிகுயிட்டின் என்ற சின்னப் புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அடையாளம் விழுந்த புரதம் புரோட்டியசோம் என்ற பீப்பா போன்ற அமைப்புக்குள் போய்த் துண்டு துண்டாகும். இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

பி53 என்பது நமது காவல்காரப் புரதம். டி.என்.ஏ. பழுதானால் கலம் பிரிவதை நிறுத்தும். திருத்த ஏலாவிட்டால் அந்தக் கலத்தையே சாகவைக்கும். எச்.பி.வி. வைரஸ் கை வைப்பது இதில்தான். வைரஸின் ஈ6 என்ற புரதம், நமது கலத்திலேயே உள்ள ஒரு நொதியத்தைப் பிடித்து, பி53இல் அந்த அடையாளத்தை ஒட்டவைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் காவல்காரனை நமது கலமே குப்பை என்று உடைத்துவிடுகிறது! 1990இல் இது தெரியவந்தது. எனக்கு இன்றைக்கும் வாசிக்கும்போது உடம்பு சில்லிடும்.

பெரும்பாலும் இந்தத் தொற்று தானாகவே போய்விடும். போகாமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரலாம். அந்தப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள்.

இலங்கையில் 2017 முதல் பாடசாலையில் போடப்படும் ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டுப் புரதம். ஈ6உம் இல்லை, வைரஸின் டி.என்.ஏ.யும் இல்லை. ஆகவே ஊசியால் இந்தத் தொற்று வர வழியே இல்லை. பிள்ளைப் பேற்றுக்கும் அது தடையில்லை. கருப்பையை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோவது அந்தப் புற்றுநோய்தான்.

"பத்து வயசுப் பிள்ளைக்கு ஏன் இப்ப?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களும் உண்டு. பிள்ளையின் ஒழுக்கத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது. வருமுன் போட்டால்தான் பலன். கல்யாணத்துக்குப் பிறகு கணவனிடமிருந்தும் அது வரலாம்.

35 வயது தாண்டிய உம்மாமாருக்கு ஊசியல்ல, பரிசோதனை. எம்.ஓ.எச். அலுவலகத்தின் பெண்கள் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.