மேட்டில் நிற்கும் ஆவி

மலையேறும்போது சூடாகாத ஜீப் அது. சமவெளியில் சூடானது. உர மூட்டையோடு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும், வாழைத்தாரோடு இறங்கும், மீட்டர் முள் அசையாது. அதே வண்டியை எரியோட்டிலிருந்து வேடசந்தூருக்குச் சமதரையில் ஓட்டிப் போய் நிறுத்தினால், ரேடியேட்டர் மூடி வழியே தண்ணீர் சீறும்.

இன்ஜின் மாற்றியவன் நான்தான். பழைய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை, அந்த 2199 சிசி குடிகாரனை, இறக்கிவிட்டு டீசல் ஏற்றியிருந்தேன். எங்கள் பக்கம் ஜீப் வைத்திருந்தவர்கள் பாதிப்பேர் ஒரு காலத்தில் செய்துகொண்ட மாற்றம் இது. (இன்று யாராவது இன்ஜின் மாற்ற வந்தால் முதலில் ஆர்சி புக்கைத்தான் கேட்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஆர்டிஓ அனுமதி இல்லாத வண்டிக்கு என் பட்டறையில் ஸ்பேனர் எடுக்க மாட்டேன்.)

மாற்று இன்ஜின் ஏற்றுகிறவனுக்கு எல்லா யோசனையும் பெரிய சாமான்கள் மேல்தான் இருக்கும். மவுண்டிங் எங்கே வெல்டு பண்ணுவது, கியர்பாக்ஸ் சேருமா, ஃபேன் ரேடியேட்டரில் இடிக்குமா என்றே நாட்கள் ஓடும். தண்ணீர்ப் பாதை கடைசி நாள் வேலை. மேல் ஹோஸ் ஒன்று, கீழ் ஹோஸ் ஒன்று, நாலு கிளிப், முடிந்தது. நானும் அப்படித்தான் முடித்தேன்.

வண்டி திரும்பி வந்ததும் வழக்கமானதையெல்லாம் செய்தேன். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் பண்ணினேன். தெர்மோஸ்டாட் வால்வை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்தேன். வாட்டர் பம்ப் புதிது. ஒன்றிலும் குறையில்லை. வண்டிக்காரர் பட்டறை வாசலில் கல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயி. சோளக்காட்டுக்குக் கிணற்றிலிருந்து அரை மைல் பைப் போட்டவர்.

“ஏந்தம்பி, பைப்புல ஏர் புடிச்சா நாங்க என்ன பண்ணுவோம்? மேட்டுல ஒரு பைப்ப நிமித்தி வச்சு விட்ருவோம்ல. ஒன் இன்ஜின்ல மேடு எங்க இருக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் லெவல் டியூப்பை வாங்கி வந்தேன். தண்ணீர் நிரப்பிய அந்த ஒளிபுகும் குழாயின் ஒரு முனையை ரேடியேட்டர் வாயிலும் மறுமுனையை ஹெட்டின் பின்பக்கத்திலும் பிடித்துப் பார்த்தால், ஹெட்டின் பின்தலைப்பு இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதென்று அதன் மவுண்டிங்குக்கு அடியில் ஒரு இன்ச் பேக்கிங் கொடுத்திருந்தேன். இன்ஜின் வாலைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தி நின்றது. தண்ணீர் வெளியேறும் வழியோ மூக்கில். மலையேறும்போது வண்டியே மூக்கைத் தூக்குவதால் குமிழ்கள் முன்னால் ஓடி ரேடியேட்டருக்குப் போய்விட்டன. சமதரையில் போக்கிடமின்றி நாலாவது சிலிண்டருக்கு மேலே குடியிருந்தன.

இன்ஜினுக்குள் குமிழ் வருவதே நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 0.9 பார் அழுத்த மூடி போட்டால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இரும்பு அதையும் தாண்டிச் சுடும். அதைத் தொடுகிற தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்துக் குமிழாகும், ஓடுகிற தண்ணீரில் கலந்து அடங்கும். நல்ல இன்ஜினிலும் இது நடக்கும். அடங்காத குமிழ்கள் ஒரு மேட்டில் கூடி ஆவியாக நிற்பதுதான் வில்லங்கம். தண்ணீர் உறிஞ்சுகிற சூட்டில் சொற்பத்தைத்தான் ஆவி உறிஞ்சும். அந்த இடத்து இரும்பு நனையாமல் காய்கிறது. மீட்டரின் சென்சார் இருப்பது முன்பக்கத் தண்ணீரில். பின்னால் வேகிறது அதற்குத் தெரியாது.

1997இல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 இன்ஜினில் ஹெட்டுகளின் முன்னும் பின்னும் ஆவித் துளைகள் விட்டிருந்தார்கள். பின்னால் வந்தவற்றில் பின்பக்கத் துளைகளை அடைத்து, முன்பக்கம் மட்டும் குழாய் வைத்தார்கள். அந்தக் காரில் இன்ஜின் எந்தச் சாய்வில் உட்காரும் என்று கம்பெனிக்குத் தெரியும். அதே இன்ஜினை வேறொரு வண்டியில் வேறு சாய்வில் ஏற்றுகிறவன், அடைத்த துளையை மறுபடி யோசிக்க வேண்டும்.

இந்த ஜீப்பில் ஹெட்டின் பின்பக்கம் ஹீட்டருக்கென்று விட்ட ஒரு வழி இருந்தது. திண்டுக்கல் வெயிலில் ஹீட்டர் யாருக்கு? பிளக் போட்டு அடைத்திருந்தேன். மேட்டில் நிமிர்த்த வேண்டிய பைப்புக்கு இடம் தயாராகவே இருந்திருக்கிறது. டேஷ்போர்டுக்கு முன்னால், எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு டேங்க் வைத்தேன். அழுத்த மூடி அதற்கு மாறியது. ஹெட்டிலிருந்து ஆவிக்குழாய் அந்த டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நுழையும். டேங்கின் அடியிலிருந்து முக்கால் இன்ச் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு. ஆவிக்குழாயின் வாயில் இரண்டரை மில்லிமீட்டர் துளையிட்ட பித்தளைத் துண்டு. அது இல்லையென்றால் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் டேங்க் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதுவரை சரி. குழாயை ஓட்டியதில்தான் கோட்டை விட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ரப்பர் டியூப்பை மேனிஃபோல்டு ஓரமாக மறைத்து, சற்று இறக்கி, பிறகு மேலே ஏற்றினேன். வண்டிக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்து, “கம்பெனி வேல மாதிரி இருக்கு” என்றார். அந்தப் பாராட்டு இரண்டு மாதம் தாங்கியது. சூட்டில் ரப்பர் இளகி, இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் துணிக்கொடி போலத் தொங்கிவிட்டது. தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கியது. ஐடிலில் ஓடும்போது பம்புக்குத் தள்ள வலுவில்லை. குமிழ் அந்தத் தண்ணீரை மீறி இறங்கி ஏறாது. நாலாவது சிலிண்டர் பக்கம் கேஸ்கெட் போய்விட்டது. கழற்றிய ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்தால் 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் இலை சிரமமில்லாமல் நுழைந்தது. ஹெட்டைத் தேய்க்க லேத்துக்குக் கொடுத்த கூலியை அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் வாயில்லை.

இரண்டாம் முறை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கால் இன்ச் செப்புக்குழாய் வாங்கினேன். இன்ஜின் ஆடுவதற்காக இரண்டு முனையிலும் நாலு விரல் நீளத்துக்கு மட்டும் ரப்பர். நடுவே ஒரு சாண் நீளம் கொத்தனாரின் டியூப்பைத் தற்காலிகமாகச் செருகி, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரிய குமிழ், விரல் நீளத்துக்கு, மெல்ல நகர்ந்து டேங்கில் போய் உடைந்தது. அப்புறம் சின்னச் சின்னதாக, கடுகு பொரிவது போல. கால் மணி நேரத்தில் வெறும் தண்ணீர்தான் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இத அப்படியே விட்ருவமா? பாக்க நல்லாருக்கு.”

அழுத்தம் ஏறினால் வெடிக்கும் என்று சொல்லிக் கழற்றினேன்.

இப்போது அந்தச் செப்புக்குழாய் ஹெட்டிலிருந்து டேங்க் வரை எங்கும் இறங்காமல், வால்வு கவரின் குறுக்கே ஓடுகிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது. பானெட்டை மூடினால் ஒரு இடத்தில் உரசும். அங்கே சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். போன வாரம் ஆயில் மாற்ற வந்தபோது வண்டிக்காரர் கேட்டார், “இத அந்தப் பக்கமா ஒதுக்கி விட்ருலாமே தம்பி?” உங்கள் காட்டு மேட்டில் நிமிர்த்தி வைத்த பைப்பை முதலில் ஒதுக்குங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே பானெட்டை மூடினார்.